காலை ஏழு மணிக்கு எங்கே இருக்க வேண்டும்?

"ரூம் இருக்கா சார்?" என்று கேட்டு வருகிறவர்களிடம், இருக்கிறது இல்லை என்று சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன். "நாளைக் காலையில எத்தனை மணிக்கு, எங்க இருக்கணும்?"

சிலர் இதை வம்பு விசாரிப்பதாக நினைப்பார்கள். போலீஸ் கெடுபிடி ஏதோ இருக்கிறது போல என்று அவசரமாக ஆதார் அட்டையை எடுத்து நீட்டுகிறவர்களும் உண்டு. நான் கேட்பது அறைக்காகத்தான். ஆஸ்பத்திரியா, கோர்ட்டா, கல்யாண ஜவுளியா, பரீட்சையா, விசா நேர்காணலா என்று தெரிந்தால்தான் எழும்பூர் அவர்களுக்குச் சரிப்படுமா, இல்லை இந்த ராத்திரியிலேயே இன்னொரு ரயிலைப் பிடித்து வேறு பேட்டைக்குப் போவது நல்லதா என்று சொல்ல முடியும். அப்படிப் பல பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதலாளி இதற்கு ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. சரியான இடத்துக்கு அனுப்பி வைத்த ஆள், அடுத்த முறை எழும்பூரில் வேலை என்றால் நம்மைத்தான் தேடி வருவார் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கு பலித்துக்கொண்டும் இருக்கிறது.

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் கணக்குப்பிள்ளையாக வேலைக்குச் சேர்ந்து, பிறகு எழும்பூர் கென்னத் லேனில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசைக்கு வந்தவன் நான். என் உத்தியோக காலம் முழுக்க வெளியூர்க்காரர்களின் முகத்தைப் பார்த்தே போயிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் தங்குவதற்கு இடம் தேடும்போது இரண்டே விஷயம்தான் பார்ப்பார்கள்: எங்கே இறங்குகிறோம், வாடகை எவ்வளவு. மறுநாள் காலை எழுந்து எங்கே போக வேண்டும் என்பதை ராத்திரி படுத்த பிறகுதான் யோசிப்பார்கள். ஆனால் அறை வாடகைக்கு நாம் கொடுக்கிற பணம் உண்மையில் அந்தக் காலை நேரத்துக்குக் கொடுக்கிற பணம். ராத்திரி எங்கே படுத்தாலும் தூக்கம் வந்துவிடும். காலை ஏழு மணிக்கு வரிசையில் நிற்க முடிந்ததா என்பதில்தான் வந்த காரியம் இருக்கிறது.

இறங்கிய இடத்திலேயே அறை எடுக்கும் பழக்கத்துக்கு நியாயம் இருக்கிறது. சென்னையில் வண்டி எங்கே வந்து நின்றதோ அங்கேதான் தங்கும் இடமும் வந்தது. சென்ட்ரலுக்கு எதிரே சவலை ராமசாமி முதலியார் சத்திரம், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ரயில் பயணிகளுக்கென்று எழுந்தது. எழும்பூர் நிலையம் 1908இல் திறக்கப்பட்டது. மீட்டர்கேஜ் காலத்தில் தென்மாவட்ட ரயில்களெல்லாம் இங்கேதான் வந்து நின்றன. ஆகவே காந்தி இர்வின் சாலையிலும் கென்னத் லேனிலும் மதுரை, நெல்லை, தூத்துக்குடிக்காரர்களை நம்பியே லாட்ஜுகள் நடந்தன. வெளியூர் பஸ்கள் பாரிமுனையில் நின்ற வரைக்கும் பிராட்வே, மண்ணடிப் பக்கம் லாட்ஜுகளுக்கு ராப்பகலாக வியாபாரம். 2002இல் பஸ் நிலையம் கோயம்பேட்டுக்குப் போனதும் அரும்பாக்கம், வடபழனி வட்டாரத்தில் புதுப் பலகைகள் மாட்டினார்கள். 2018இல் ஆந்திரா பஸ்கள் மாதவரத்துக்குப் போயின. 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறந்தபோது, தென்மாவட்ட பஸ்ஸில் வருகிறவருக்கு ஊரின் வாசல் வண்டலூருக்கும் அப்பால் நகர்ந்துவிட்டது. எழும்பூரிலிருந்து பார்த்தால் அது முப்பது கிலோமீட்டர்.

இந்த மாற்றத்துக்குப் பிறகு பழைய பழக்கம் ஆட்களைப் பாடாய்ப் படுத்துகிறது. கிளாம்பாக்கத்தில் அதிகாலை இறங்கி, அசதியில் ஊரப்பாக்கத்தில் அறை எடுத்துவிட்டு, சென்ட்ரல் எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு எட்டு மணிக்குள் போக வேண்டும் என்று தவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நேர் எதிராகவும் நடக்கிறது. ஒருநாள் ராத்திரி பத்து மணிக்குத் தேனிப் பக்கத்துத் தம்பி ஒருவர் பெட்டியோடு வந்தார். மறுநாள் காலை ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் நேர்காணல்.

"ஏன் தம்பி, தாம்பரத்தைத் தாண்டித்தானே வந்தீங்க? அங்க இறங்கியிருக்கலாமே?"

"மெட்ராஸ்னா எழும்பூர்தான்னு அப்பா சொல்லிவிட்டாருண்ணே."

அப்பா சொன்னது அவர் காலத்துக்குச் சரி. அந்தப் பையனைக் கையோடு ஸ்டேஷனுக்கு அனுப்பி, மின்சார ரயிலில் தாம்பரத்துக்குப் போகச் சொன்னேன். அங்கே தெரிந்த இடம் ஒன்றுக்கு போனிலும் சொல்லி வைத்தேன். காலையில் தாம்பரத்திலிருந்து ஒரகடத்துக்குப் போகிற பஸ், எழும்பூரிலிருந்து கிளம்புகிறவன் தாம்பரம் வந்து சேர்வதற்குள் பாதி வழி போயிருக்கும்.

சென்னையில் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்பது, அரிசியை முழம் போட்டுக் கேட்பது மாதிரி. நிமிஷத்தில் கேட்க வேண்டும். அதிலும் எந்த வேளை என்று சேர்த்துக் கேட்க வேண்டும். காலை ஆறு மணிக்கு இருபது நிமிஷத்தில் போகிற சாலை, ஒன்பது மணிக்கு ஒன்றேகால் மணி நேரம் எடுக்கும். இதிலிருந்து தப்பிக்க வழி தண்டவாளம்தான். கடற்கரையிலிருந்து எழும்பூர், நுங்கம்பாக்கம், மாம்பலம், கிண்டி வழியாகத் தாம்பரம், செங்கல்பட்டு போகும் மின்சார ரயில். 2015இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் நடுவே ஓடத் தொடங்கி இன்று விமான நிலையத்தையும் விம்கோ நகரையும் பரங்கிமலையையும் இணைக்கிற மெட்ரோ. கடற்கரையிலிருந்து மயிலாப்பூர் வழியாக வேளச்சேரி போகிற பறக்கும் ரயில். போக வேண்டிய இடம் இந்த மூன்றில் எதன் மேல் இருக்கிறது என்று பார்த்து, அதே பாதையில் ஏதாவது ஒரு நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் அறை எடுத்தால் போதும். ஐந்தாறு நிலையம் தள்ளி இருந்தாலும் பாதகமில்லை. ஹைகோர்ட்டில் வழக்கு என்றால் பாரிமுனையில்தான் தங்க வேண்டும் என்பதில்லை. ஹைகோர்ட் வாசலிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது, எழும்பூரில் ஏறிச் சென்ட்ரலில் மாறினால் போதும். அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா நேர்காணல் என்றால், ஆயிரம் விளக்கிலோ டிஎம்எஸ்ஸிலோ இறங்கி அண்ணா மேம்பாலத்துக்கு நடந்துவிடலாம்.

இப்போது எல்லாரும் செல்போனில் வரைபடம் பார்த்து அறை பிடிக்கிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வரைபடத்தில் அரை கிலோமீட்டர் என்று காட்டுவதற்கு நடுவே கூவமோ தண்டவாளமோ கிடந்தால் கதையே வேறு. மாம்பலத்தைப் பாருங்கள். தண்டவாளத்துக்குக் கிழக்கே தியாகராய நகர், ரங்கநாதன் தெரு, ஜவுளிக்கடைகள். மேற்கே மேற்கு மாம்பலம். கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வருகிறவர்கள் வாடகை மலிவு என்று மேற்கே அறை எடுத்துவிட்டு, கார் பிடித்தால் துரைசாமி சப்வேயிலோ அரங்கநாதன் சப்வேயிலோ ஊர்ந்துதான் அந்தப் பக்கம் போக வேண்டும். மழை பலமாகப் பெய்து சப்வேயில் தண்ணீர் தேங்கினால் அதுவும் இல்லை. நடக்கத் தெம்பு இருக்கிறவர்கள் ஸ்டேஷன் பாலமேறித் தாண்டிவிடலாம். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கு 2023இல் ஆகாய நடைபாதையும் வந்துவிட்டது. எழும்பூருக்கும் இதே சங்கதி உண்டு. ஸ்டேஷனுக்குக் காந்தி இர்வின் சாலைப் பக்கம் ஒரு வாசல், பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு வாசல். "ஸ்டேஷன் எதிரில்" என்று விளம்பரம் போட்டிருந்தால் எந்த வாசலுக்கு எதிரில் என்று கேளுங்கள். தப்பான வாசலில் இறங்கி, பாட்டியையும் மூட்டையையும் இழுத்துக்கொண்டு சுற்றி வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. எங்கள் பதிவேட்டில் 'வந்த காரணம்' என்ற பத்தியில் மிகுதியாக எழுதப்படுவது 'சிகிச்சை'. சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையை எல்லாரும் ஜி.ஹெச். என்றுதான் சொல்கிறார்கள். அங்கே புறநோயாளி சீட்டுக்கு விடியும்போதே ஆள் சேர்ந்துவிடும். எழும்பூரிலிருந்து பார்க் ஸ்டேஷன் ஒரே நிறுத்தம், மெட்ரோவில் சென்ட்ரலும் ஒரே நிறுத்தம் என்பதால் அவர்களுக்கு எங்கள் பேட்டை பொருந்தும். எழும்பூர் தாய் சேய் மருத்துவமனைக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் வருகிறவர்களுக்கும் அப்படியே. ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனைக்கு மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிறுத்தம் இருக்கிறது.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்றால் நான் எழும்பூரில் அறை கொடுக்கத் தயங்குவேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய இடம். தமிழ்நாட்டின் எந்த மூலையிலிருந்தும் ஆள் வருகிறார்கள். கதிர்வீச்சு சிகிச்சை என்று ஆரம்பித்தால் ஒருநாள் இரண்டுநாளில் முடியாது. வாரத்துக்கு ஐந்து நாள் என்று வாரக்கணக்கில் தொடரும். ஒவ்வொரு நாளும் சில நிமிஷம்தான் சிகிச்சை. மிச்ச நேரம் காத்திருப்பது, போவது, வருவது. முதல் வாரம் நோயாளி தெம்பாக இருப்பார். போகப்போக வாய் புண்ணாகி, சாப்பாடு இறங்காமல், வெயிலில் பஸ்ஸுக்கு நிற்க முடியாத நிலை வரும். முதல் நாள் இருக்கிற தெம்பை வைத்து இடம் முடிவு செய்யக் கூடாது, நாலாவது வாரம் இருக்கப்போகிற பலவீனத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்று நான் அவர்களிடம் அழுத்திச் சொல்வேன். இப்படி வருகிறவர்களுக்கு லாட்ஜே தோதில்லை. காந்தி நகர், கஸ்தூரிபா நகர் பக்கத்தில் அடுப்போடு சின்ன வீட்டையோ அறையையோ வாரக்கணக்கில் எடுப்பது நல்லது. கஞ்சி காய்ச்ச முடியும், கூட வந்தவர் சமைக்க முடியும். மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்டால் அறக்கட்டளைகள் நடத்தும் விடுதிகளைப் பற்றியும் சொல்வார்கள். அங்கே இடம் கிடைக்காமல் எழும்பூரிலேயே இருந்துதான் ஆக வேண்டும் என்றால், பார்க்கில் இறங்கிப் பார்க் டவுனில் பறக்கும் ரயிலேறிக் கஸ்தூரிபா நகரில் இறங்கச் சொல்வேன். படி அதிகம், ஆனால் நெரிசல் குறைவு.

கிரீம்ஸ் சாலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், சில சந்துகளில் பெயர்ப்பலகைகள் வங்காளத்தில் இருக்கும். கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் அப்போலோவுக்கும் சங்கர நேத்ராலயாவுக்கும் வருகிறவர்களுக்காக அந்த வட்டாரமே மாறிவிட்டது. மீன்குழம்பும் சோறும் அவர்கள் ருசிக்குக் கிடைக்கும், அறையிலேயே சமைக்க அனுமதிக்கிற விடுதிகளும் உண்டு. மொழி தெரியாத ஊரில் நோயோடு இருக்கிறவருக்குப் பழகிய சாப்பாடு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்தச் சந்துக்காரர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நம் ஊர் நோயாளிகளுக்கும் யாராவது இப்படி யோசித்துச் செய்ய மாட்டார்களா என்று எனக்கு ஏக்கம் உண்டு.

ராமநாதபுரத்திலிருந்து ஒரு மகன், இடுப்பெலும்பு அறுவை முடிந்து வெளியே விட்ட அப்பாவோடு வந்தார். டாக்டர் ஒரு வாரம் கழித்துத் தையல் பிரிக்க வரச் சொல்லியிருந்ததால் ஊருக்குப் போக முடியவில்லை. செல்போனிலேயே ஒரு விடுதியில் முன்பதிவு செய்து, "லிஃப்ட் உண்டு" என்று போட்டிருந்ததை நம்பிப் போயிருக்கிறார். லிஃப்ட் இருந்தது. அதற்குப் போக வாசலில் எட்டுப் படி ஏற வேண்டும். ஏறினாலும் சக்கர நாற்காலி உள்ளே நுழையாத அகலம். அங்கிருந்து எங்களிடம் வந்தார்கள். நான் தரைத்தள அறையைத் திறந்து காட்டினேன். அவர் கட்டிலைப் பார்த்துத் தலையசைத்தார். "கட்டில் இருக்கட்டும் தம்பி, மொதல்ல பாத்ரூமைப் பாருங்க" என்றேன். குளியலறை வாசலில் நாலு விரற்கடை உயரத்துக்கு ஒரு நிலைப்படி இருந்தது. தண்ணீர் வெளியே வராமல் இருக்கக் கட்டுவது. நல்ல காலுள்ளவர்களுக்கு அது கண்ணிலேயே படாது. வாக்கர் வைத்து நடக்கிறவருக்கு அது சுவர். அந்த வாரம் முழுக்க அந்த மேட்டுக்கு ஒரு சரிவுப் பலகை போட்டு வைத்தோம். கக்கூஸ் பக்கம் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாததால் மகன் கூடவே நின்றார். அதன்பிறகு முதலாளியிடம் சொல்லித் தரைத்தளத்தில் இரண்டு அறைகளுக்கு நிலைப்படியை இடித்துவிட்டுக் கம்பியும் அடிக்க வைத்தேன். வயதானவரோடு வருகிறவர்கள் போனில் கேட்க வேண்டியது இதைத்தான்: தெருவிலிருந்து லிஃப்ட் வரைக்கும் எத்தனை படி, லிஃப்டின் அகலம் என்ன, மேற்கத்தியக் கழிவறை உண்டா, குளியலறை வாசலில் மேடு இருக்கிறதா.

அறை பார்ப்பதில் இன்னும் சில விஷயங்கள் உண்டு. பகலில் எடுக்கிற அறையாக இருந்தால் ஜன்னலைத் திறந்து பாருங்கள். எதிர்ச்சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், ஜெனரேட்டரும் அங்கேயே இருக்கும். குழாயைத் திறந்து ஒரு நிமிஷம் ஓடவிட வேண்டும். முதலில் வருவது குழாயில் தேங்கிய தண்ணீர், அப்புறம் வருவதுதான் தொட்டித் தண்ணீர். ஓடுகளில் மஞ்சள் கறை படிந்திருந்தால் போர்வெல் தண்ணீர் என்று அர்த்தம். சோப்பு நுரைக்காது, புண் ஆறாத நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கதவுத் தாழ்ப்பாளை உள்ளேயிருந்து போட்டுப் பாருங்கள். தலையணை உறையைக் கழற்றிப் பார்ப்பதில் தப்பே இல்லை, எந்த ரூம் பாயும் அதற்குக் கோபிக்க மாட்டார்.

தண்ணீர் என்றதும் 2019 நினைவுக்கு வருகிறது. அந்த ஜூன் மாதம் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் வேளைக்கு இத்தனை பக்கெட் என்று கணக்கு வைத்தார்கள். தங்கியிருந்த பையன்களை ஊருக்குப் போய்வரச் சொன்ன இடங்களும் உண்டு. நாங்கள் அறைகளில் பாதியைப் பூட்டினோம். அறை பிடிக்கும்போது வெளியூர்க்காரர்கள் யாருமே கேட்காத கேள்வி, 'கோடையில் தண்ணீர் எப்படி' என்பது. ஏப்ரல், மே, ஜூனில் வருவதாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள். மெட்ரோ குடிநீர் இணைப்பு இருக்கிறதா, லாரித் தண்ணீரா என்பது விடுதிக்காரர் வாயிலிருந்தே வந்துவிடும்.

செக்-அவுட் நேரத்தைப் பற்றித் தெரியாமல் பணம் இழக்கிறவர்களே அதிகம். பெரிய ஓட்டல்களில் பகல் பன்னிரண்டு மணி, இல்லாவிட்டால் பதினொரு மணி என்று நாள் கணக்கு. ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜுகளில் இருபத்துநாலு மணி நேரக் கணக்கு. தென்மாவட்ட ரயில்கள் பலவும் அதிகாலை நாலு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவே வந்து சேர்கின்றன. ஐந்து மணிக்கு அறை எடுத்து, பன்னிரண்டு மணிக் கணக்கில் மாட்டினால், ஏழு மணி நேரத்துக்கு ஒருநாள் வாடகை போய்விடும். அன்று ராத்திரியும் தங்கினால் இரண்டு நாள் வாடகை. இருபத்துநாலு மணி நேரக் கணக்குள்ள இடத்தில் மறுநாள் ஐந்து மணி வரை ஒரே வாடகை. காலையில் வந்து குளித்து, வேலையை முடித்து, ராத்திரி ரயிலில் திரும்புகிறவருக்கு அறையே வேண்டாம். எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ரயில்வே ஓய்வறைகளும் படுக்கைக் கூடங்களும் உண்டு, டிக்கெட்டின் பி.என்.ஆர். எண் இருந்தால் மணிக்கணக்கில் முன்பதிவு செய்யலாம். என் வியாபாரத்துக்குப் போட்டிதான். இருந்தாலும் தனி ஆளுக்கு அது நல்லது என்று சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வருவதில்லை.

வரியையும் சேர்த்தே கேளுங்கள். ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு 2022 ஜூலை வரை ஜி.எஸ்.டி. கிடையாது. அப்புறம் 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பரில் அது 5 சதவீதமாக இறங்கியது. ஏழைகள் தங்குகிற அறைக்கு 12 சதவீதம் போட்ட அந்த மூன்று வருஷம், பில்லைப் பார்த்து முகம் சுண்டிப்போனவர்களுக்குப் பதில் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஊர் நிரம்பி வழிகிற நாட்கள் உண்டு. முகூர்த்த நாட்கள், சேப்பாக்கத்தில் மேட்ச், டிஎன்பிஎஸ்சி பெரிய தேர்வு, மார்கழி இசை விழா, ஜனவரியில் புத்தகக் காட்சி. மேட்ச் நடக்கும் ராத்திரியில் திருவல்லிக்கேணிப் பக்கம் அறையும் கிடைக்காது, ஆட்டோவும் கிடைக்காது. பொங்கலுக்கு ஊரே காலி. அறை மலிவு, ஆனால் சாப்பாட்டுக் கடை பாதி மூடியிருக்கும். பரீட்சைக்கு வருகிற பிள்ளைகள் ஹால் டிக்கெட் வந்தவுடன் அறை பிடிக்க வேண்டும், அதற்கு முன்னால் பிடிக்கவே கூடாது. சென்னை மையம் என்றாலும் பள்ளிக்கூடம் ஆவடியிலும் இருக்கலாம், திருவொற்றியூரிலும் இருக்கலாம். குறித்த நேரம் தாண்டினால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அழுதாலும் திறக்க மாட்டார்கள். முதல்நாள் சாயந்திரமே ஒருதடவை அந்தப் பள்ளிக்கூடம் வரை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.

தனியாக வருகிற பெண்ணுக்கு அறை தரமாட்டோம் என்பது எங்கள் தெருவில் வெகுகாலம் எழுதாத சட்டமாக இருந்தது. பரீட்சை எழுத வந்த பெண் அப்பா இல்லாமல் வந்தாள் என்பதற்காக நாலு லாட்ஜில் திருப்பி அனுப்பப்பட்டு ராத்திரி முழுக்க ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். இதைவிடக் கேவலமான வழக்கம் இந்தத் தொழிலில் கிடையாது. அடையாள அட்டை இருக்கிறது, பணம் கொடுக்கிறார், அப்புறம் யாரை எதற்குக் கேட்பது? நான் மேசைக்குப் பொறுப்பான பிறகு, படிக்கட்டுக்கு எதிரே வரவேற்பிலிருந்து கண்ணில் படுகிற முதல்மாடி அறைகள் இரண்டைத் தனியாக வரும் பெண்களுக்கென்று ஒதுக்கினேன். பரீட்சைக் காலத்தில் அவை ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. இப்போது வேலைக்கு வருகிற பெண்களுக்கு அரசின் 'தோழி' விடுதிகள் இருக்கின்றன. ஆனால் ஓரிரு நாள் வேலையாக வருகிறவர்கள் இன்னும் லாட்ஜைத்தான் நம்ப வேண்டும். ஆகவே முன்கூட்டியே போனில் பேசி, பேசியவரின் பெயரையும் குறித்துக்கொள்வது நல்லது.

இலங்கையிலிருந்து வருகிற நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. 2022 டிசம்பரில் யாழ்ப்பாணம்–சென்னை விமானம் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு வரத்து கூடியிருக்கிறது. கல்யாணப் புடவை, கண் சிகிச்சை, கோயில் யாத்திரை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுள்ளவர் தங்கினால் விடுதி 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அலுவலகத்துக்கு, 'சி படிவம்' என்று வழக்கத்தில் சொல்கிற தகவல் படிவத்தை அனுப்ப வேண்டும். சின்ன லாட்ஜுகள் பலவற்றில் அதற்கான ஏற்பாடு கிடையாது, அதனால்தான் "ரூம் இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். அது தன் மேல் உள்ள வெறுப்பு என்று எண்ணிக்கொண்டு ஓர் அம்மா என் முன்னால் கண்கலங்கியிருக்கிறார். "சி படிவம் போடுவீங்களா?" என்று போனிலேயே முதல் கேள்வியாகக் கேட்டுவிடுங்கள். அலைச்சல் மிச்சம்.

திரும்பிப் போகிற நாளைப் பற்றியும் வரும்போதே யோசிக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் என்றால் எழும்பூரிலிருந்து எட்டு மணிக்குள் கிளம்பியாக வேண்டும். வெள்ளிக்கிழமை என்றால் ஏழரை. கார் பிடிக்காதீர்கள், வண்டலூர் வரை மின்சார ரயிலில் போய் அங்கிருந்து பஸ் மாறுங்கள். சிகிச்சை முடிந்து நோயாளியோடு திரும்புகிறவர்களுக்குக் கடைசி ஓர் இரவு மட்டும் தாம்பரத்துக்கு மாறிவிடச் சொல்வேன். தென்மாவட்ட ரயில்கள் பலவும் அங்கே நிற்கின்றன, ஏறுவது சுலபம். அறையைக் காலி செய்த பிறகு வண்டிக்கு நேரம் இருந்தால் பெட்டியை எங்கள் மேசைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போகலாம். ஒரு துண்டுச் சீட்டில் பேரும் ரயில் நேரமும் எழுதி ஒட்டி வைப்போம். அதற்குக் காசு வாங்குவதில்லை.